ராத்திரிக் கீரை

என் ஓரகத்தி இளைக்கத் தொடங்கியபோது ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்தான். அவள் என் கொழுந்தன் மனைவி. எதிரெதிர் வீடு. அவள் போடுகிற ஜாக்கெட் அத்தனையும் தென்காசியில் நான் வைத்திருக்கும் தையல் கடையில் தைத்தவை. கல்யாணமாகி வந்த புதிதில் தைத்த அளவு ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு, "இதே அளவுல தைச்சிருக்கா" என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் வந்து நிற்பாள். அந்த அளவில் தைத்தால் கை நுழையாது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் உள்ளே நிறையத் துணி விட்டுத் தைப்பேன். பொங்கலுக்குள் பிரித்து விடச் சொல்லி வந்துவிடுவாள்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் வந்து, "யக்கா, கை லூசாக் கெடக்கு, கொஞ்சம் புடிச்சுக் குடேன்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிடித்துக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் மறுபடியும் வந்தாள். மறுபடியும் பிடித்தேன். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவளைத் திருப்பி நிறுத்திக் காட்டினேன். அவள் உடம்பு உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கிறது, உயிருக்கே ஆபத்தாக என்னவோ நடக்கிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்? அதைக் கண்டுபிடித்தது அந்த உடம்புக்கு வருஷக்கணக்காக டேப் பிடித்த நான் இல்லை. எங்கள் சாப்பாட்டு வகுப்பு டீச்சர். அந்தப் பிள்ளையைப் பற்றி உட்கார்ந்து எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக எனக்கு நினைப்பு.

வகுப்பு மேலகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்கும். முகூர்த்தம் இல்லாத நாட்களில் சாயங்காலம். பெரியவர்கள் என்ன சாப்பிட வேண்டும், எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று போர்டு வைத்திருந்தார்கள். எனக்குப் பிரஷர் உண்டு. தனியாகப் போகக் கூச்சப்பட்டு ஓரகத்தியையும் இழுத்துக்கொண்டு போனேன். சண்டை போடுகிற நினைப்பில்தான் போனேன் என்று வையுங்கள். அரிசியை விடு, எண்ணெயை விடு, இனிப்பை விடு என்று எவளாவது சொல்லட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்று.

டீச்சர் ஆலங்குளம் பக்கத்துப் பிள்ளை. பஸ்ஸில் வந்து இறங்கும். தோளில் ஒரு பெரிய பை. அந்தப் பைக்குள் தம்ளர், குழிக்கரண்டி, சோற்றுக் கரண்டி எல்லாம் இருக்கும். எதையும் விடச் சொல்லவில்லை. கேட்டது, கேட்டது, கேட்டுக்கொண்டே இருந்தது. போன வாரம் எத்தனை நாள் கீரை? சோறு இந்தக் கரண்டியிலா, அந்தக் கரண்டியிலா? டீக்குச் சீனி யார் போடுவது? நாளில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தே இருக்கிறீர்கள்? முதலில் இப்படி அளந்து வைத்துக்கொள்வேன், வகுப்பு முடிகிறபோது திரும்ப இதே கேள்விகளைக் கேட்பேன், பழக்கம் மாறியிருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும் என்றது.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "டீச்சர், நான் நாள் பூரா தையல் மெஷின மிதிக்கேன். அது நடக்க கணக்குல வராதா?" என்று கேட்டேன்.

அது சிரிக்கவே இல்லை. உண்மையாகவே யோசித்தது. பிறகு மெதுவாக, "மெஷின்ல மோட்டார் மாட்டிருக்கீயளாக்கா?" என்றது.

மாட்டித்தான் இருந்தேன். மண்டபமே சிரித்தது. அன்றைக்கே எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துப் போயிற்று.

முதல் வாரத்தில் எல்லோருக்கும் எடை பார்த்து, விரலில் குத்திச் சுகர் பார்த்தார்கள். என் ஓரகத்திக்கு ஊசி என்றால் குலை நடுங்கும். வரிசை நகர நகர அவள் பின்னால் நகர்ந்துகொண்டே போனாள். "யக்கா, அடுப்புல பால வச்சிட்டு வந்துட்டேன்" என்று செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடியே போய்விட்டாள். அடுத்த வகுப்பில் டீச்சர் கேட்டபோதும் அதே பால். பிறகு குத்துகிறவர்கள் வரவில்லை, அது அப்படியே விட்டுப் போயிற்று.

அந்தப் பிள்ளையிடம் நான் பார்த்து வியந்தது ஒன்று உண்டு. அது யாரையும் "சாப்பிட்டீயளா?" என்று கேட்காது. நம் ஊரில் அப்படிக் கேட்டால் எல்லோரும் "ஆச்சு" என்றுதான் சொல்வோம். வயிறு காந்தினாலும் ஆச்சுதான். இல்லை என்றால் கேட்டவர்கள் இலையைப் போட வேண்டி வருமே. அதனால் அது வேறு மாதிரி கேட்கும். "நேத்து முழிச்சதுலருந்து சொல்லுங்க" என்று தொடங்கும். நடுவில் நாம் முழித்தால், "சரி, நேத்து என்னென்ன பாத்திரம் வெளக்கப் போட்டீய?" என்று கேட்கும். பாத்திரத்தைச் சொன்னால் சமைத்தது வந்துவிடும். இட்லிக் கொப்பரை, மீன் சட்டி, பஜ்ஜி போட்ட எண்ணெய்ச் சட்டி. தப்பிக்கவே முடியாது.

மாசங்கள் போயின. எனக்கு டீயில் சீனி பாதியானது. விடியற்காலையில் குற்றாலம் ரோட்டில் நாங்கள் கூட்டமாக நடந்தோம். பிறகு ஆனி வந்தது, சாரல் வந்தது, எல்லாம் போயிற்று. சாரல் காலத்தில் எங்கள் ஊர் ஆளை நடக்கச் சொல்லிப் பாருங்களேன். மலைமேல் மேகம் இறங்கி, காற்று முகத்தில் பன்னீர் மாதிரி தெளிக்கும்போது கால் தானாகவே பஜ்ஜிக் கடைப் பக்கம்தான் போகும். போதாக்குறைக்கு வெளியூர்ச் சொந்தக்காரர்கள் அருவியில் குளிக்க என்று வீட்டுக்கு வீடு வந்து இறங்குவார்கள். அவர்களுக்குப் பரோட்டா வாங்கினால் நமக்கும் சேர்த்துத்தானே வாங்க வேண்டும்?

அந்த நேரம் பார்த்துத்தான் கடைசிக் கேள்வி கேட்கிற நாள் வந்தது. ஆடி மாசம், முகூர்த்தம் கிடையாது, மண்டபம் சும்மா கிடந்தது. எங்கள் வகுப்பில் ஓர் அண்ணாச்சி உண்டு. கீழப்பாவூரில் அரிசிக் கடை வைத்திருந்து பிள்ளைகளிடம் விட்டுவிட்டவர். ஊரில் எது நடந்தாலும் அவர் காதுக்கு முதலில் வந்துவிடும். அவர் குடையை மடக்கிக்கொண்டு என் கடைக்குள் வந்து குண்டைத் தூக்கிப் போட்டார்.

"ஏம்மா, விஷயம் தெரியுமா? பெரிய ஆபீஸர் ஒருத்தர் வாராரு. நம்ம பழக்கம் மாறலன்னா வகுப்ப மூடிருவாவளாம். அந்தப் புள்ளைக்கு வேல போயிரும்."

உடனே எல்லோருக்கும் ஆள் விட்டேன். அந்தச் சாயங்காலமே வகுப்பு ஆட்கள் பாதிப் பேர் என் கடையில் கூடிவிட்டார்கள். ஓரகத்தியும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், தண்ணீர்ப் பாட்டிலும் கையுமாக. அண்ணாச்சி எல்லோருக்கும் வாழைக்காய் பஜ்ஜி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அதைத் தின்றுகொண்டேதான் நாங்கள் பாடம் படித்தோம். எண்ணெய் வேண்டாம் என்கிற பாடத்தை.

"எல்லாரும் ஒண்ணு போல சொல்லணும், என்ன? காலைல கேப்பக் கூழு. தெனமும் நடந்தோம். கீர எத்தன நேரம்னு கேட்டா மூணு நேரமும்னு சொல்லிருங்க. கொறச்சுச் சொல்லி அந்தப் புள்ள வயித்துல அடிச்சிராதீங்க" என்றார் அண்ணாச்சி.

நாங்கள் தலையாட்டினோம். எங்கள் அன்பு அப்படி.

மறுநாள் டீச்சர் மணப்பெண் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டது. போனவர்கள் எல்லோரும் பரீட்சையில் பாஸ் ஆன முகத்தோடு வெளியே வந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு அது வெளியே வந்து எங்கள் முன்னால் நின்றது. கையில் தாள்கள். முகத்தில் ஒரு மாதிரி சிரிப்பு.

"எல்லாரும் மூணு நேரமும் கீர சாப்பிட்டிருக்கீய. ராத்திரியும் கீர. சரி. நம்ம பக்கம் ராத்திரி கீர வைக்க வீடு எது? எனக்கு ஒரே ஒரு வீட்டக் காட்டுங்க, நான் இப்பமே வாரேன்."

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா, பாவம், பழக்க தோஷத்தில், "ராத்திரி கீர ஆகாதுல்லா தாயி" என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவுதான். ஒருவர் சிரிக்க, இன்னொருவர் சிரிக்க, டீச்சரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது. அண்ணாச்சி மட்டும் சுவரில் இருந்த மணமக்கள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க வேல போயிரக் கூடாதுன்னுதான் டீச்சர்" என்றார் கடைசியில்.

"தெரியும் அண்ணாச்சி. எனக்கும் இந்த வேல வேணும்." அது தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தது. "ஆனா இது நெஜம் இல்லல்லா? நாளைக்கு ஒங்க ஒங்க வீட்டுக்கு வந்து திரும்பக் கேக்கேன்."

"நாளான்னைக்கு ஆபீஸர் வாராரே!"

"வரட்டும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நல்லது செய்யப் போனால் இப்படியா? "டீச்சர், ஒங்களுக்கு என்ன கோட்டியா? இருக்க மார்க்க வாங்கிட்டுப் போவீயளா, அத விட்டுட்டு..." என்று கத்தினேன்.

அது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. "யக்கா, வயித்த எக்கிக்கிட்டு ஒருத்தி அளவு குடுத்தா, அந்த அளவுக்குத் தைப்பீயளா?"

எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், டேப்பைக் கண்டதும் மூச்சை இழுத்துப் பிடிக்கிறவர்களை. மூச்சை விடும்மா, விடும்மா என்று கெஞ்சித்தானே அளவெடுக்கிறேன்.

மறுநாள் நல்ல சாரல். டீச்சர் குடையோடு வீடு வீடாக அலைந்தது. மத்தியானத்துக்கு மேல் நனைந்த சேலையோடு என் கடைக்கு வந்தது. என்னிடம் கேட்டு முடித்தது. நான் மறைக்கவில்லை, பஜ்ஜி வரைக்கும் சொன்னேன். ஓரகத்தி ஸ்டூலில்தான் இருந்தாள். அவளுடைய ஜாக்கெட் என் மெஷினில் கிடந்தது.

"நீங்க சொல்லுங்கக்கா."

ஓரகத்தி முதலில் கேப்பைக் கூழ் என்று ஆரம்பித்தாள். டீச்சர் பாத்திரத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டாள். பிறகு எல்லாம் வந்தது. காலையில் தோசை. அது போதாமல் பழையது. மத்தியானம் சோறு, திரும்பவும் சோறு. நாலு மணிக்கு டீ, பஜ்ஜி. "பசி அடங்கவே மாட்டங்கு டீச்சர். தின்னுக்கிட்டேதான் இருக்கேன்" என்றாள்.

"நடக்கப் போறீயளா?"

"எங்க? கொஞ்ச நாளா போகல. படியேறுனாலே காலு ஓயுது."

"தண்ணி?"

"அத ஏன் கேக்கீய!" என்று நான் குறுக்கே விழுந்தேன். "கொடத்தக் குடுத்தாலும் குடிச்சிருவா. பொறவு விடியுத வரைக்கும் எந்திரிச்சு எந்திரிச்சு வெளிய போவா."

டீச்சர் எழுதுவதை நிறுத்தியது. வாசலைப் பார்த்தது. வெளியே சாரல் விசிறிக்கொண்டிருந்தது, தெருவில் போகிறவர்கள் துண்டால் தலையை மூடிக்கொண்டு போனார்கள். "இந்தக் குளிர்லயா இவ்வளவு தண்ணி தவிக்கு?" என்று கேட்டது. பிறகு அதன் பார்வை மெஷினுக்கு வந்தது. "அது யாரு ஜாக்கெட்டுக்கா?"

"அவதுதான். மறுபடியும் புடிச்சுக் குடுக்கேன்." அப்போதும் பெருமையாகத்தான் சொன்னேன்.

அது எழுந்துவிட்டது. முதல் தடவை சொன்னதையும் இப்போது சொன்னதையும் மனசுக்குள் வைத்துப் பார்க்கிறது என்று முகத்திலேயே தெரிந்தது. "சாப்பாடு கூடிருக்கு. நட நின்னுருக்கு. அப்பம் ஒடம்பு எப்படிக்கா எளைக்கும்?" என்று என்னைக் கேட்டது.

என் கால் மெஷின் பெடலில் அப்படியே நின்றுபோனது. இத்தனை நாளில் இந்தக் கேள்வி எனக்கு ஏன் வரவில்லை? இளைத்தால் நல்லது என்று நினைத்தோமே தவிர, எப்படி இளைத்தாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லையே.

"வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று டீச்சர் அவள் கையைப் பிடித்தது.

ஓரகத்திக்கு முகம் வெளுத்துவிட்டது. "டீச்சர், அடுப்புல பால வச்சிட்டு வந்துட்டேன்..."

"பால் பொங்குனா பொங்கட்டும்க்கா."

ஆட்டோவில் மூன்று பேரும் போனோம். விரலில் குத்துகிறபோது ஓரகத்தி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள், அவள் முகத்தைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தது அந்தப் பிள்ளை. சுகர் பார்க்கிற மெஷினில் நம்பரே வரவில்லை. 'ஹை' என்று மட்டும் வந்தது. நர்ஸ் திரும்பவும் குத்தினாள். திரும்பவும் அதேதான். நர்ஸ் ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். டாக்டரம்மா என்னைத்தான் பிடித்தார். "இவ்வளவு நாளா என்னம்மா பண்ணிட்டு இருந்தீங்க? எலும்பும் தோலுமா ஆகுற வரைக்கும் பாத்துட்டே இருப்பீங்களா? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா மயங்கி விழுந்திருப்பாங்க, எழுப்பிக் கொண்டு வர்றது கஷ்டம்" என்றார்.

உடனே கட்டிலில் போட்டு இரண்டு கையிலும் மளமளவென்று மருந்து ஏற்றினார்கள். கொழுந்தன் ஓடி வந்தான். நான் வராந்தாவில் நின்று ஓவென்று அழுதேன். கூச்சமெல்லாம் படவில்லை. டீச்சர் என் முதுகைத் தடவிக்கொண்டே நின்றது. ஆலங்குளம் பஸ் ஒன்று போனது, இன்னொன்றும் போனது, அது நகரவில்லை. இன்னும் போக வேண்டிய வீடுகள் பாதி மிச்சம் இருந்தன. அதைப் பற்றி அது ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் கொழுந்தனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நான் மண்டபத்துக்குப் போனேன். ஆபீஸர் வந்திருந்தார். டீச்சர் உள்ளது உள்ளபடி வாசித்தது. டீயில் சீனி குறைந்திருக்கிறது. கீரை கொஞ்சம் கூடியிருக்கிறது. நடை கூடியது, சாரல் வந்ததும் படுத்துவிட்டது. எண்ணெய்ப் பலகாரம் அப்படியேதான் இருக்கிறது. பாதி வீடுகளுக்குப் போக முடியவில்லை. ஆபீஸர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டே கேட்டார். "வேற ஊர்ல எல்லாம் நல்ல மாற்றம் காட்டுறாங்களேம்மா" என்றார்.

அப்போது அண்ணாச்சி எழுந்தார். தோள்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "ஐயா, நல்ல மாத்தம் காட்டுதது எப்படின்னு எங்கள்ட்ட கேளுங்க. நாங்களும் காட்டுனோம். ராத்திரியும் கீர தின்னோம்னு சொன்னோம். இந்தம்மா ஏத்துக்கல. ஏத்துக்கிட்டிருந்தா, அங்கன ஆஸ்பத்திரில கெடக்க புள்ள இன்னைக்கு இருக்காது" என்றார்.

ஆபீஸர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பார்க்கலாம் என்று எழுந்து போனார். வகுப்பு நடக்குமா நடக்காதா என்று ஆவணி வரைக்கும் எங்களுக்குத் தெரியவில்லை. பிறகு இன்னும் ஒரு வருஷம் நடத்தலாம் என்று உத்தரவு வந்தது. டீச்சர் சொன்னபோது அண்ணாச்சி கைதட்டினார், நாங்களும் தட்டினோம். பஜ்ஜி வாங்கி வரவா என்று கேட்டவரை உட்காரச் சொன்னோம்.

நான் எத்தனையோ படித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரர்கள் உண்டு, நல்ல மனசுக்காரர்கள் உண்டு. ஆனால் தனக்கு ஆதாயமான பொய்யை எல்லோரும் சேர்ந்து அன்பாகக் கையில் கொண்டு வந்து கொடுக்கும்போது, வேண்டாம் என்று சொல்கிற பிள்ளையை அதுவரை நான் பார்த்ததில்லை. அது நல்லா இருக்கணும்.

ஓரகத்தி இப்போது தினமும் தானே வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். ஊசியைக் கண்டு ஓடியவள்! முதல் வாரம் ஒவ்வொரு தடவையும் எதிர்வீட்டிலிருந்து எனக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள். பிறகு பழகிவிட்டது.

போன வாரம் கடைக்கு வந்தாள். கையில் அதே ஜாக்கெட். மெஷினில் கிடந்ததை அப்புறம் ஒரு நாள் நானே முடித்துக் கொடுத்திருந்தேன்.

"யக்கா, கை இறுக்குது. பிரிச்சு விடேன்" என்றாள்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜாக்கெட்டை உட்புறம் திருப்பினேன். ஒன்றுக்குள் ஒன்றாக நான் போட்ட தையல் வரிசைகள். அவள் இளைக்க இளைக்க உள்ளே உள்ளே போயிருந்தன. கடைசித் தையலில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கண்ணை மறைத்தது, ஊசிமுனை தெரியவில்லை.

"ஏட்டி, குண்டாயிட்டட்டி" என்றேன்.

"அழுதுக்கிட்டே கேலி பண்ணுதா பாரு" என்றாள் அவள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சீக்கிரம் பிரிக்கா. நாளைக்கு டீச்சர் கேக்க வருவாவ. நேத்து பாதி பஜ்ஜி தின்னேன், அதையும் சொல்லிரணும்."